குளித்தலைக்காரரின் ஆயிரம் கட்டுரைகளும் நம் தம்பியின் எண் நான்கும்



இந்தத் தடவை பதிவு நீளம். பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை கடைசி வரை படித்துவிடுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். இருபது வருடம் முன்பு என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவன். சால்ட் அனாலிசிஸில் அவசரப்படாமல் செய்வான் என்பதால் நினைவு இருக்கிறது. இன்று ஒரு தனியார் கல்லூரியில் கரிம வேதியியல் உதவிப் பேராசிரியர். காபி குடித்து முடித்ததும் போனை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினான். அவன் பெயர், அவன் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள், பக்கத்தில் சில எண்கள்.

"சார், என்னோட எச்-இண்டெக்ஸ் நாலு. பக்கத்து ரூம்ல இருக்கறவருக்கு இருபத்திரண்டு. இன்கிரிமெண்ட் பேச்சு வந்தா இந்த நம்பரத்தான் சார் மொதல்ல பார்க்கறாங்க."

அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினான். தயாராக எழுதி வைத்த கட்டுரையாம். முதல் பெயராகச் சேர ஒரு தொகை, மூன்றாம் பெயராகச் சேர அதைவிடக் குறைந்த தொகை. ரயில் டிக்கெட்டில் ஏசி, ஸ்லீப்பர் என்று பிரித்திருப்பது போல இருந்தது.

அவன் கையில் உண்மையான வேலை ஒன்று இருக்கிறது. கொல்லிமலையில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைப் பிரித்துப் படிகமாக எடுத்து வைத்திருக்கிறான். நான்கு வருட உழைப்பு. அது இன்ன பொருள் என்று அடித்துச் சொல்ல என்எம்ஆர் எடுக்க வேண்டும். கல்லூரியில் அந்தக் கருவி கிடையாது.

"இதெல்லாம் வீண் வேலையா சார்?" என்று கேட்டான். அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் வரவில்லை. "பார்த்துக்கலாம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை. இது அவனுக்கான பதில். உங்களுக்கும் ஆகும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம்ம மோகனூர் ஆற்றங்கரையிலிருந்து காட்டுப்புத்தூர், தொட்டியம் வழியாக முசிறி போய், பாலத்தைத் தாண்டினால் குளித்தலை. இன்று கரூர் மாவட்டம். அன்று திருச்சி ஜில்லா. 1900 பிப்ரவரி 3ஆம் தேதி அங்கே பிறந்தவர் டி. ஆர். சேஷாத்ரி. திருவேங்கட ராஜேந்திர சேஷாத்ரி என்பது முழுப்பெயர். நாம் குடிக்கிற அதே காவிரித் தண்ணீர்தான். ஆனால் நான் முப்பத்து மூன்று வருடம் வேதியியல் நடத்தியும் இவரைப் பற்றி உங்களுக்கு ஒரு நாள் கூடச் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை என்பது ஒரு காரணம். எனக்கே சரியாகத் தெரியாது என்பது உண்மையான காரணம்.

சேஷாத்ரி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1927இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தார். தாவரங்களில் உள்ள நிறப் பொருள்கள், ஆல்கலாய்டுகள் இவற்றில் அன்றைய உலகத்தின் முதல் வரிசை ஆள் ராபின்சன். பின்னால் 1947இல் நோபல் பரிசு பெற்றவர். பட்டம் வாங்கியபின் சேஷாத்ரி ஆஸ்திரியா போய் பிரெட்ஸ் பிரேகலிடம் நுண் பகுப்பாய்வு கற்றார். சில மில்லிகிராம் பொருளை வைத்துக்கொண்டே அதில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வித்தை அது. அதற்காக 1923இலேயே நோபல் வாங்கியவர் பிரேகல். ஒரு கூடைப் பூவை உலர்த்தி வேக வைத்தாலும் கையில் கிடைப்பது ஒரு சிட்டிகைப் பொருள்தான். அந்தச் சிட்டிகையை வீணாக்காமல் அளக்கத் தெரிந்தவனுக்குத்தான் தாவர வேதியியலில் வேலை.

இவ்வளவு படித்துவிட்டு ஊர் திரும்பியவருக்குக் கோவை வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதிக்கும் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு 1930களில் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். புதிய பல்கலைக்கழகம். ஆய்வகத்தைக் கிட்டத்தட்ட அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. 1949இல் தில்லிப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. 1960இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1963இல் பத்மபூஷண். 1975 செப்டம்பர் 27ஆம் தேதி காலமானார்.

இனி கணக்குக்கு வருகிறேன். சேஷாத்ரி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரத்துக்கு மேல். அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் சுமார் 160 பேர். 1930 முதல் 1975 வரை நாற்பத்தைந்து வருடம் என்று வைத்துக்கொண்டால், பதினாறு நாளைக்கு ஒரு கட்டுரை. இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். ஒரு மனிதனால் முடியுமா? இன்று யாராவது அப்படி எழுதினால் நாம் என்ன நினைப்போம்?

அதனால் அவர் எதைத்தான் எழுதினார் என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கச் சந்தேகம் போனது. அவர் கையில் எடுத்ததெல்லாம் நம் வீட்டைச் சுற்றி இருப்பவை. பருத்திப் பூ. நம்ம ஆத்தூர், ராசிபுரம் பக்கம் பருத்தி போட்டவர்களுக்குத் தெரியும், பூ காலையில் மஞ்சளாக இருந்து வாடும்போது சிவக்கும். அந்த மஞ்சளில் என்ன இருக்கிறது என்று கே. நீலகண்டம் என்ற மாணவரோடு சேர்ந்து வருடக்கணக்கில் பிரித்துப் பார்த்தார். புளிச்சகீரைப் பூ. அதிலிருந்து ஹைபிசெட்டின் என்ற பொருளின் அமைப்பை நிறுவினார்கள். புங்க மரம். அதன் விதை, வேர், பட்டை, பூ எல்லாவற்றிலும் எஸ். ரங்கசுவாமி முதலான மாணவர்களோடு வேலை செய்தார். மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன்கள். கறிக்குழம்புக்குப் போடுகிறோமே கல்பாசி, அந்த வகையறா. செஞ்சந்தனக் கட்டையின் சிவப்பு.

இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை பிளேவனாய்டு என்ற ஒரே குடும்பம். (மஞ்சள் கிழங்கின் நிறம் வேறு, அது குர்குமின். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இரண்டு பென்சீன் வளையம், நடுவில் மூன்று கார்பன். அந்த வளையங்களில் எந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் ஒரு பூவுக்கும் இன்னொரு பூவுக்கும் வித்தியாசம். ஏற்கெனவே உள்ள வளையத்தில் புதிதாக ஒரு ஹைட்ராக்சிலை நுழைக்கும் முறைகளை அவர் வரிசை வரிசையாக ஆராய்ந்தார். அந்தக் கட்டுரைத் தொடரின் தலைப்பு "நியூக்ளியர் ஆக்சிடேஷன்". அணுகுண்டு என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியலில் அப்போது நியூக்ளியஸ் என்றால் பென்சீன் வளையம். அந்தத் தொடர் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று பத்துக் கணக்கில் போனது.

ஆயிரம் எப்படி வந்தது என்பது இதில் இருக்கிறது. ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். அதை ஒவ்வொரு தாவரத்தின் மேலும் செலுத்தினார். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தாவரம் அல்லது ஒரு வினை. முடிவு வந்ததும் இரண்டு பக்கமோ ஐந்து பக்கமோ, சுருக்கமாக எழுதி அனுப்பிவிடுவார்கள். நிறையக் கட்டுரைகள் போனது, சர் சி. வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழுக்கு. ஆயிரமும் உலகத்தைப் புரட்டிய கட்டுரைகள் என்று சொல்ல மாட்டேன். பல, ஒரு பொறுமைசாலி மாணவன் ஒரு பருவத்தில் செய்த ஒழுங்கான வேலை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு செடியும் ஒரு குடுவையும் ஒரு ஆளும் இருந்தார்கள்.

இப்போது இரண்டாவது ஆள். இவரைப் பற்றிச் சொல்லும்போது உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

பிளஸ் டூவில் பெயர் வினைகள் நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பெருமை அடிப்பேன், நினைவு இருக்கிறதா? "கன்னிசாரோ, பெர்க்கின், கோல்பே எல்லாம் வெள்ளைக்காரன் பேரு. ஆனா மேல படிக்கப் போனா பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்புன்னு ஒண்ணு வரும், அதுல நம்ம ஆள் பேரு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சது" என்பேன். கடைசி வாக்கியம் தப்பு. இரண்டு பேரும் சேர்ந்து செய்யவில்லை. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் தனித்தனியாகச் செய்தார்கள்.

கே. வெங்கட்ராமன் 1901இல் சென்னையில் பிறந்தவர். இவரும் மான்செஸ்டர் போனார், இவரும் ராபின்சன் மாணவர். திரும்பி வந்து லாகூரில் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்தார். பெரிய ஆராய்ச்சி நிறுவனம் இல்லை, மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒரு கல்லூரி. அங்கே எச். எஸ். மகால் என்பவரோடு சேர்ந்து செய்த வேலை 1933இல் பெங்களூர் "கரண்ட் சயின்ஸ்" இதழில் சிறு குறிப்பாக வந்தது. அந்த இதழே தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. விரிவான கட்டுரை 1934இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டி இதழில் வந்தது. அதே 1933இல் ஆக்ஸ்போர்டில் இருந்த வில்சன் பேக்கர் அதே வினையைத் தனியாகக் கண்டு வெளியிட்டார். அதனால் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன.

வினை என்ன என்று கேட்பவர்களுக்கு, பழைய கரும்பலகை பாணியில் சொல்கிறேன். ஆர்த்தோ ஹைட்ராக்சி அசிட்டோபினோனை எடுத்துக்கொள். அதன் ஹைட்ராக்சிலை எஸ்டர் ஆக்கு. அதில் காரத்தைச் சேர். ஆக்சிஜன் மேல் உட்கார்ந்திருந்த அசைல் தொகுதி எழுந்து, பக்கத்தில் இருக்கும் கீட்டோனின் கார்பனுக்கு மாறிக்கொள்ளும். ஒரு டைகீட்டோன் கிடைக்கும். அதை அமிலத்தோடு சூடாக்கினால் நீர் ஒரு மூலக்கூறு வெளியேறி, வளையம் மூடி, பிளேவோன் வந்துவிடும். அதாவது செடி தயாரிக்கிற மஞ்சள் பொருளின் அடிப்படைச் சட்டத்தைக் குடுவையில் இரண்டு மூன்று படியில் கட்டிவிடலாம். தொண்ணூறு வருடம் ஆகியும் பிளேவோன் வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற வழிகளில் இது ஒன்று.

வெங்கட்ராமன் பிறகு பம்பாய்க்குப் போய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறையின் தலைவரானார். 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். சாயங்களின் வேதியியல் பற்றி அவர் தொகுத்த பெரிய நூல் 1952 முதல் 1978 வரை எட்டுத் தொகுதிகளாக வந்தது. நம்ம குமாரபாளையம் சாயப்பட்டறைகளில் தொட்டியில் கலக்கும் சாயங்களின் குலம் கோத்திரம் எல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொரு செய்தி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சேஷாத்ரி இறந்த பிறகு ராயல் சொசைட்டி அவரது வாழ்க்கைக் குறிப்பை 1979இல் வெளியிட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் அவருடைய மாணவர் ரங்கசுவாமி, புங்க மரத்தில் வேலை செய்தார் என்று சொன்னேனே, அவர். இன்னொருவர் வில்சன் பேக்கர். அதே பேக்கர்தான். அவரும் 1900இல் பிறந்தவர், சேஷாத்ரிக்கு ஒரு மாதம்கூட மூத்தவர் இல்லை. 2002 வரை, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். குளித்தலை, சென்னை, ஆக்ஸ்போர்டு, மூன்று இடத்து ஆட்களும் ஒரே மஞ்சள் பொருளைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

சரி, இதற்கும் தம்பியின் "நாலு"க்கும் என்ன சம்பந்தம்?

மேற்கோள் எண்ணிக்கை, அதாவது சைட்டேஷன், எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் வக்கீல்களுக்கு 1873லிருந்து ஒரு புத்தகம் உண்டு. ஷெப்பர்டு என்பவர் தொடங்கியது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று அதில் பார்க்கலாம். இதையே அறிவியலுக்கும் செய்யலாமே என்று யூஜின் கார்ஃபீல்டு 1955இல் எழுதினார். 1964இல் அவருடைய நிறுவனம் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற அட்டவணையை வெளியிட்டது. முதல் பதிப்பில் 613 இதழ்கள், 1961ஆம் வருடத்துக் கட்டுரைகள். நோக்கம் நல்ல நோக்கம். நான் ஒரு பழைய கட்டுரையைப் படித்தேன், அதற்குப் பிறகு அந்த விஷயம் எங்கே போனது, யார் அதைத் திருத்தினார்கள் என்று வழி தேட உதவுவது. நம் ஆட்களில் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத் துறைக்குப் போனவர், நூலக விஷயங்களைப் புள்ளிவிவரமாக அளக்கலாம் என்று 1948இலேயே "லைப்ரமெட்ரி" என்று பெயர் வைத்துச் சொல்லியிருக்கிறார்.

வழி தேட வந்த அட்டவணை, நாளடைவில் ஆட்களுக்கு மார்க் போடும் அட்டவணை ஆகிவிட்டது. 2005இல் அமெரிக்காவில் இருக்கும் இயற்பியலாளர் ஹிர்ஷ் என்பவர் எச்-இண்டெக்ஸ் கொண்டுவந்தார். நாமக்கல்காரர்களுக்கு இதைக் கோழியை வைத்துச் சொன்னால் புரிந்துவிடும். உங்களிடம் நிறையக் கோழிகள் இருக்கின்றன. அவற்றில் நாலு கோழிகள் தலைக்குக் குறைந்தது நாலு முட்டை போட்டிருந்து, ஐந்து கோழிகள் தலைக்கு ஐந்து போடவில்லை என்றால், உங்கள் எண் நாலு. கோழி என்பது கட்டுரை, முட்டை என்பது அதை மற்றவர்கள் எடுத்துக்காட்டிய தடவை. ஒரே ஒரு கோழி ஆயிரம் முட்டை போட்டாலும், மற்றது எதுவும் போடவில்லை என்றால் உங்கள் எண் ஒன்றுதான்.

இந்த அளவுகோலை நம் இரண்டு பெரியவர்கள் மேல் வைத்தால் என்ன ஆகும்?

சேஷாத்ரி 1961க்கு வெகு காலம் முன்பிருந்தே எழுதியவர். முதலில் வந்தபோது அட்டவணை 1961ஆம் வருடத்து இதழ்களிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய முப்பது வருடத்தில் புங்கப் பூவைப் பற்றியும் பருத்திப் பூவைப் பற்றியும் ஒருவருக்கொருவர் எடுத்துக்காட்டிக்கொண்டது அந்த முதல் கணக்கில் வரவில்லை. உலகத்தில் வந்த ஆயிரக்கணக்கான இதழ்களில் அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது 613. இந்திய இதழ்களில் வந்த வேலை இந்திய இதழ்களிலேயே எடுத்துக்காட்டப்படும்போது அதில் எவ்வளவு கண்ணில் படும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

வெங்கட்ராமன் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு வேலை மிகவும் தேவைப்பட்டு எல்லோருக்கும் பழகிவிட்டால், மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். "பேக்கர்–வெங்கட்ராமன் முறையில் தயாரித்தோம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். லாகூரில் எழுதிய கட்டுரை அடிக்குறிப்பில் வராது, மேற்கோள் கணக்கில் ஏறாது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர் இதற்கு ஒரு பெயரே வைத்தார். உள்ளே கலந்துபோனதால் மறைந்துபோவது என்று அர்த்தம். உப்பு கரைந்த தண்ணீரில் உப்பைத் தேடுகிற மாதிரி.

மறுபக்கமும் பாருங்கள். உலகத்திலேயே அதிகம் எடுத்துக்காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? 1951இல் லௌரி என்பவரும் மற்றவர்களும் எழுதியது. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறை. 2014 கணக்குப்படி மூன்று லட்சம் தடவைக்கு மேல். உபயோகமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் டார்வினையும் ஐன்ஸ்டைனையும் தாண்டிய சிந்தனை என்று லௌரியே சொல்லியிருக்க மாட்டார். அதே கணக்கெடுப்பில், கோடிக்கணக்கான கட்டுரைகளில் ஏறக்குறைய பாதி ஒரு தடவை எடுத்துக்காட்டப்பட்டவை, அல்லது அதுவும் இல்லாதவை. ஆக, தம்பி, உன் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அதற்காக எண்ணே பொய் என்று சொல்ல மாட்டேன். முப்பது வருடம் மார்க் போட்டவன் நான். மார்க்கே வேண்டாம் என்றால் சிபாரிசுதான் நடக்கும். தகுதியில்லாதவன் மாமன் மச்சான் செல்வாக்கில் மேலே போகும் இடத்தில், ஒரு எண் ஏழைப் பிள்ளைக்குத் துணையாக நிற்கும். அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மார்க்குக்காகவே படிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்றும் நமக்குத் தெரியும். நம் சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாததா? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதவைத்து மார்க் வாங்கிய கதை இங்கே நடந்ததுதான். 1,200க்கு 1,150 வாங்கிய பிள்ளை, கல்லூரி முதல் வருடத்தில் உட்கார்ந்து அழுததையும் பார்த்தோம்.

ஆராய்ச்சியிலும் அதேதான் நடந்தது. 2008இல் ஆந்திரத்தில் ஒரு வேதியியல் பேராசிரியர் மூன்று நான்கு வருடத்தில் வெளியிட்ட சுமார் எழுபது கட்டுரைகள் மற்றவர்கள் வேலையை எடுத்து மாற்றி எழுதியவை, செய்யாத சோதனைகள் என்று வெளியே வந்தது. உலகச் செய்தி ஆகிவிட்டது. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன்னுடைய அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அவ்வளவு இதழ்கள் எப்படி உள்ளே வந்தன என்று யோசியுங்கள். வாத்தியார்கள் மேல் எண்ணை ஏற்று என்று நெருக்கினால், எண்ணை விற்கக் கடை முளைக்கும். எச்-இண்டெக்ஸ் கொண்டுவந்த ஹிர்ஷே, 2020இல் இதனால் கெடுதல் வருகிறது என்று எழுதினார்.

சேஷாத்ரியின் ஆயிரத்தையும் அந்த எழுபதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற ஆளுக்கு இரண்டும் "நிறைய எழுதியவர்" கணக்குத்தான். வித்தியாசம் ஒன்றில்தான் இருக்கிறது. சேஷாத்ரி இன்ன பூவில் இன்ன பொருள், இன்ன வெப்பநிலையில் உருகும் என்று எழுதியதை, இன்று யாராவது அதே பூவைப் பறித்து அதே மாதிரி செய்து சரிபார்க்கலாம். தப்பாக இருந்தால் திருத்தலாம். அவர் கட்டுரைகளிலும் திருத்தப்பட்டவை உண்டு. விலைக்கு வாங்கிய கட்டுரையில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை. பறிக்கப் பூ இல்லை.

தம்பி, இப்போது உனக்கு.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருவரும் ராபின்சனிடம் படிக்க வாய்ப்பு கிடைத்தவர்கள். உனக்கு வாரம் பதினாறு மணி நேரம் பாடம், அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராக ஆள் பிடிக்க அனுப்புகிறார்கள், தேர்வுத் தாள் வேறு. "அவங்களால முடிஞ்சதே, உன்னால ஏன் முடியல" என்று கேட்க மாட்டேன். அந்த விளம்பரக்காரனுக்குப் பணம் கட்டாவிட்டால் உனக்கு நஷ்டமே வராது என்றும் சொல்ல மாட்டேன். இன்கிரிமெண்ட் ஒரு வருடம் தள்ளலாம். பக்கத்து அறைக்காரர் உன்னைத் தாண்டிப் போகலாம். வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது, எனக்குத் தெரியும். பென்ஷன் வாங்குகிறவன் உட்கார்ந்துகொண்டு நேர்மையைப் பற்றிப் பேசுவது சுலபம்.

ஆனால் நீ கேட்டது, இது வீண் வேலையா என்று. இல்லை. கொல்லிமலைச் செடியில் இருந்து நீ எடுத்த அந்த மஞ்சள் படிகம், சேஷாத்ரி நீலகண்டத்தோடு பருத்திப் பூவில் எடுத்த அதே வகை வேலை. நீ அதன் உருகுநிலையை மூன்று தடவை பார்த்து, சந்தேகம் வந்து மறுபடி படிகமாக்கினாய் என்று சொன்னாயே, அது சால்ட் அனாலிசிஸில் நான் பார்த்த அதே பையன். அது இரண்டு பக்கக் கட்டுரையாக, ஒழுங்கான ஒரு இந்திய இதழில் வந்தால் போதும். நாளைக்கு யாரோ ஒருவர் அந்தச் செடியைத் தேடும்போது உன் பக்கத்தைத் திறப்பார். எடுத்துக்காட்டுவாரோ மாட்டாரோ, நம்பிப் படிப்பார். உன் எண் ஒருவேளை ஐந்து ஆகும், ஆகாமலும் போகும்.

இன்னொன்று. சேஷாத்ரியிடம் பட்டம் வாங்கிய அந்த 160 பேர் எந்த எச்-இண்டெக்ஸிலும் சேரவில்லை. உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அறுபது பிள்ளைகளும் சேர மாட்டார்கள். மேற்கோள் கணக்கு என்னிடம் கேட்டால் பூஜ்ஜியம். ஒரு கட்டுரை கூட நான் எழுதியதில்லை. ஆனாலும் நீ பொங்கலுக்கு வந்து காபி குடித்தாய்.

போன வாரம் போன் செய்தான். "பணம் கட்டல சார்" என்றான். அந்த எண்ணையும் பிளாக் செய்துவிட்டானாம். இன்கிரிமெண்ட் என்ன ஆகும் என்று தெரியவில்லை என்றும் சொன்னான். குரலில் கவலை இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

இப்போது உதவி. இந்தப் பதிவைப் படிக்கும் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் மருந்துக் கம்பெனிகளிலும் ஆய்வகங்களிலும் பெரிய பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறீர்கள். பெங்களூரு, ஐதராபாத், சென்னை என்று எனக்குத் தெரிந்தே பத்துப் பேர் இருப்பீர்கள். உங்களில் யாராவது முறையாக அனுமதி வாங்கி, ஒரு சாம்பிளுக்கு என்எம்ஆரும் மாஸ் ஸ்பெக்ட்ரமும் எடுத்துத் தர வழி இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். கட்டணம் உண்டென்றால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம். பொருள் இருபது மில்லிகிராம் போல இருக்கிறதாம். பிரேகல் இருந்திருந்தால் அது ஏகப்பட்டது என்றிருப்பார்.

முசிறிப் பாலத்தைத் தாண்டிப் போகும் சொந்தக்காரர்கள், குளித்தலை வரும்போது வண்டியில் இருக்கும் பிள்ளைகளிடம் சேஷாத்ரி என்று ஒருவர் இந்த ஊரில் பிறந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் வகுப்பில் சொல்லத் தவறியது.

தப்பு ஏதும் இருந்தால் வேதியியல் படித்தவர்கள் கமெண்டில் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். எல்லோரும் நலமாக இருங்கள்.